எதிர்வீடு இன்னொரு நாட்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லை நடுவாக ஓடும் கானுசா தெருவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. கியூபெக் மாகாணத்தின் ஸ்டான்ஸ்டெட் நகரும் வெர்மான்ட் மாநிலத்தின் பீப் பிளெய்ன் குடியிருப்பும் அந்தத் தெருவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. வடக்கு வரிசை வீடுகள் கனடாவில். தெற்கு வரிசை வீடுகள் அமெரிக்காவில். அதையொட்டி வந்த கேள்விகளில், கடந்து செல்லும் விதிகளையும் சுங்க விதிகளையும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எதிர்வீட்டில் ஓர் ஏணி இரவல் வாங்க வேண்டுமென்றாலும் கடவுச்சீட்டோடுதான் போக வேண்டுமா? அந்தத் தெருவாசிகள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்?

பதில்: சட்டத்தை எழுத்துப் பிசகாமல் படித்தால், ஆம். கனடாவின் சுங்கச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நாட்டுக்குள் வரும் எவரும் அதற்கென ஒதுக்கப்பட்ட சுங்க அலுவலகத்தின் வழியாகவே வர வேண்டும் என்றும், வந்தவுடன் தாமதமின்றி அதிகாரியின் முன் நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. 12-ஆம் பிரிவு, கொண்டுவரும் பொருள் எதுவாயினும் அதைத் தெரிவிக்கச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லி, தெரிவிக்காமல் நுழைபவருக்கு முதல் முறை 5,000 டாலர், அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர் எனத் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. இரண்டு சட்டங்களிலும் தூரம் என்ற பேச்சே இல்லை. நாள் முழுவதும் வண்டி ஓட்டி வந்து எல்லையைத் தொடுபவரும், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து சாலையைக் கடப்பவரும் அவற்றின் பார்வையில் ஒன்றே.

ஆகவே வடக்கு வரிசையில் வசிப்பவர் ஏணி இரவல் கேட்கப் போவதென்றால், முதலில் தெருமுனையில் இருக்கும் அமெரிக்கச் சாவடிக்குச் சென்று தம்மைத் தெரிவித்துவிட்டு, அங்கிருந்து எதிர்வீட்டுக்கு வந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் முனைக்குப் போய்க் கனடாச் சாவடியில் ஏணியைக் காட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டும். இரவல் பொருளுக்கு என்ன சுங்கம் என்று நீங்கள் கேட்கலாம். வரி உண்டா இல்லையா என்பது அடுத்த கட்டம். தெரிவிக்க வேண்டும் என்பதில் இரவலுக்கு விலக்கில்லை. தெருவின் நீளவாக்கில் வண்டி ஓட்டிச் செல்வது இதில் சேராது. அது கியூபெக்கின் 247-ஆம் எண் சாலையின் ஒரு பகுதி. அதன் வழியே நேராகப் போகிறவர் கோட்டின் மீதே போகிறார். எதிர்ப்பக்கத்து வாசலுக்குள் திரும்பும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

காலம் தள்ளுவது எப்படி என்ற கேள்விக்கு, நெடுங்காலம் பெரும்பாலும் பழக்கத்தால் என்பதே விடை. இரு தரப்பு அதிகாரிகளும் அக்கம்பக்கத்தாரின் முகம் அறிந்தவர்கள். கையசைத்துச் செல்பவரைத் தடுத்ததில்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு அந்தப் பழக்கம் படிப்படியாகச் சுருங்கியது. 2009 ஜூன் 1 முதல் தரை வழியாக அமெரிக்காவுக்குள் நுழையும் அமெரிக்கருக்கும் கனடியருக்கும்கூடக் கடவுச்சீட்டோ, நெக்சஸ் அட்டை (முன்கூட்டியே சோதிக்கப்பட்ட பயணிகளுக்கான அட்டை) போன்ற ஏற்கப்பட்ட ஆவணமோ கட்டாயமாயிற்று. பக்கத்திலிருக்கும் வெர்மான்ட்டின் டெர்பி லைன் ஊரில், ஸ்டான்ஸ்டெட்டுக்கு நேராகச் சென்ற குறுக்குத் தெருக்கள் அடைக்கப்பட்டன. சர்ச் தெருவுக்குத் தடுப்பாக வைக்கப்பட்டவை பூந்தொட்டிகள். 2010-இல் அந்தத் தெரு வழியாகக் கனடாப் பக்கம் பீட்சா வாங்க நடந்து சென்ற உள்ளூர் வணிகர் ஒருவர் கைது செய்யப்பட்டது அன்று பெரிய செய்தியாக இருந்தது. இத்தனைக்கும், இரண்டு ஊர்களின் குடிநீர்க் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. டெர்பி லைனின் கழிவுநீர் கனடாவில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. கழிவுநீர் எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை.

என் பார்வையில் இந்தத் தெருவின் முழுச் சிக்கலும் ஒன்றில் அடங்கிவிடும். அங்கிருந்தது அதிகாரிகளின் தயவு. எழுதப்பட்ட உரிமை அன்று. தயவைத் திரும்பப் பெற நாடாளுமன்றத்தில் மசோதா தேவையில்லை, ஓர் அறிவிப்பு போதும். பின்வரும் பதில்களில் இது மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

கேள்வி: எதிர்ப்பக்கத்துக் கடையில் விலை குறைவு என்றால் தினமும் வாங்கி வரலாமே? வரிவிலக்கு வரம்பு எவ்வளவு?

பதில்: வாங்கலாம். ஆனால் விலக்கு இரு வரிசை வீடுகளுக்கும் ஒன்றல்ல. கனடாவில் வசிப்பவர் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்து திரும்பினால் அவருக்கு எந்த விலக்கும் கிடையாது. 24 மணி நேரம் கடந்தால் 200 கனடா டாலர் வரை விலக்கு உண்டு. அதில் மதுவும் புகையிலையும் அடங்கா, தொகை 200-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. 48 மணி நேரம் கடந்தால் வரம்பு 800 கனடா டாலர். அதற்குள் 200 சிகரெட்டும், 1.5 லிட்டர் ஒயின் அல்லது 1.14 லிட்டர் சாராய வகை அல்லது 8.5 லிட்டர் பீரும் அனுமதிக்கப்படும். எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருபவர் யார்? தெருவாசியைப் பொறுத்தவரை இந்த விலக்குகள் ஏட்டில் மட்டுமே இருக்கின்றன.

அமெரிக்கப் பக்கத்தவர் நிலை சற்று மேல். 48 மணி நேரத்துக்குக் குறைவான பயணமாக இருந்தாலும் அவருக்கு 200 அமெரிக்க டாலர் விலக்கு உண்டு. அதற்குள் 50 சிகரெட், 10 சுருட்டு, 150 மில்லி லிட்டர் மது என்று உள்வரம்புகள் இருக்கின்றன. 150 மில்லி என்பது ஒரு டம்ளர்கூட நிறையாத அளவு. ஒரு புட்டி ஒயினை வாங்கியவர் இந்த விலக்கை நம்பிப் பயனில்லை. குடும்பத்தார் தத்தம் 200 டாலரைச் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்டவும் முடியாது. ஆக, ஒரே தெருவில் தெற்கு வரிசைக்காரர் சிறு கொள்முதலைக் கவலையின்றிக் கொண்டுபோகலாம். வடக்கு வரிசைக்காரர் ஒரு சட்டை வாங்கினாலும் கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டையையே எடுத்துக்கொள்வோம். விலை 100 கனடா டாலர் என்றால், கியூபெக்வாசி அதற்கு 5 விழுக்காடு மத்திய விற்பனை வரியும் 9.975 விழுக்காடு மாகாண விற்பனை வரியும் செலுத்த வேண்டியவர்; கிட்டத்தட்ட 15 டாலர். இதற்கு மேல் சுங்கத் தீர்வை உண்டா என்பது சட்டை எங்கே தைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கடையில் வாங்கியதாலேயே அது அமெரிக்கப் பொருள் ஆகிவிடாது. வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் சலுகை, அந்த நாடுகளில் உருவான பொருளுக்குத்தான். கழுத்துப்பட்டையில் வேறு நாட்டின் பெயர் இருந்தால் அந்நாட்டுக்குரிய தீர்வை விகிதம் வந்து சேரும். மிகச் சிறிய தொகையாக இருந்தால் அதிகாரி வசூலிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. அது அவர் முடிவு. நாம் கேட்டுப் பெறும் உரிமை அன்று. தெரிவிக்காமல் மறைத்தால், பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விலையை வாய்வார்த்தையாகச் சொல்லி வாதாடுவதைவிட அது எளிது.

கேள்வி: கஞ்சா வைத்திருப்பது கனடாவிலும் சட்டப்படி சரி, வெர்மான்ட்டிலும் சரி என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோவதும் சரிதானே?

பதில்: இல்லை. இரு பக்கமும் 2018 முதல் வயது வந்தோர் குறிப்பிட்ட அளவு வைத்திருக்கலாம். ஆனால் எல்லை தாண்டுவது வெர்மான்ட் மாநிலச் சட்டத்தின் பொருள் அன்று. அது அமெரிக்க மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது, அந்தச் சட்டம் கஞ்சாவை உள்ளே கொண்டுவர அனுமதிப்பதில்லை. கனடாவின் சட்டமும் அனுமதியின்றி ஏற்றுமதி இறக்குமதி செய்வதைக் குற்றமாக்குகிறது. வடக்கு வீட்டுத் திண்ணையில் குற்றமில்லை, தெற்கு வீட்டுத் திண்ணையிலும் குற்றமில்லை. இடையிலுள்ள கோட்டைத் தாண்டும் செயல்தான் குற்றம்.

கேள்வி: நான் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் கனடா நிரந்தர வதிவாளர். எல்லை நடுவே ஓடும் ஹாஸ்கெல் நூலகத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போக விரும்புகிறேன். அமெரிக்க விசா இல்லை. போகலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு 2025-க்கு முன்பு ஒரு பதில், இன்று வேறு பதில்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஸ்டெட்டுக்கும் டெர்பி லைனுக்கும் இடையே, இரு நாட்டு மக்களும் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு வேண்டுமென்றே எல்லைமேல் கட்டப்பட்டது இது. ஹாஸ்கெல் குடும்பத்துத் தாயும் மகனும் கட்டிக்கொடுத்தார்கள். மாடியிலுள்ள நாடக அரங்கம் 1904-இலும் நூலகம் அடுத்த ஆண்டும் திறக்கப்பட்டன. வாசிப்பு அறையின் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. புத்தக அலமாரிகள் கனடாவில், முன்வாசல் அமெரிக்காவில். மாடியில் மேடை கனடாவில் இருக்க, பார்வையாளர் இருக்கைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கின்றன.

முன்வாசல் அமெரிக்க மண்ணில் இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, கனடாப் பக்கத்திலிருந்து வருபவர்கள் நடைபாதை வழியாக எல்லைக் கல்லைத் தாண்டிச் சில அடிகள் நடந்து அந்த வாசலில் நுழைந்தார்கள். வந்த வழியே திரும்பினால் சாவடிக்குப் போக வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் இதை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். சட்டவிரோதக் கடத்தலையும் நுழைவையும் அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். அது முற்றிலும் கற்பனையான காரணமும் அன்று. முன்பு கைத்துப்பாக்கிகளை நூலகக் கழிப்பறையில் மறைத்துவைத்துக் கனடாவுக்குக் கடத்திய வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நிரூபணமாகியிருக்கிறது. இருந்தாலும், ஒரு கடத்தல்காரனுக்காக ஊரார் அனைவரின் நடைபாதையையும் மூடுவது மிகையான பரிகாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நூலக அட்டை உள்ளவர்களுக்குச் சில மாத அவகாசம் தரப்பட்டு, 2025 அக்டோபர் 1-இலிருந்து கனடாவிலிருந்து வரும் எவரும் முன்வாசலைப் பயன்படுத்துவதென்றால் எல்லைச் சாவடி வழியாகவே வர வேண்டும் என்றாகிவிட்டது. நூலகம் கனடாப் பக்கத்து அவசர வழியை வாசலாக மாற்றும் ஏற்பாட்டில் இறங்கியது.

உங்கள் நிலைக்கு வருவோம். கனடியக் குடியுரிமை பெற்றவர் விசா இல்லாமல் அமெரிக்கச் சாவடியைக் கடக்கலாம். நிரந்தர வதிவாளர் அட்டை அந்த உரிமையைத் தருவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டானாலும் இந்தியக் கடவுச்சீட்டானாலும் அமெரிக்க விசா வேண்டும். ஆகவே முன்வாசலை மறந்துவிடுங்கள். படம் எடுப்பதற்காகக்கூட அந்த நடைபாதையில் எல்லைக் கல்லைத் தாண்ட வேண்டாம். கனடாப் பக்கத்து வாசல் வழியாக மட்டுமே உள்ளே போய், அதே வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். புறப்படுவதற்கு முன் நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாசல் எந்த நேரங்களில் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்வது அவசியம். குடியுரிமை விண்ணப்பமோ குடும்பத்தாரின் வதிவுரிமை விண்ணப்பமோ நிலுவையில் இருக்கும் ஒருவர், வேடிக்கைக்காக வைத்த இரண்டு அடிகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் நிலையை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: இதே போன்ற தெருக்களை இதைவிட நல்ல முறையில் நிர்வகிக்கும் நாடுகள் உண்டா?

பதில்: உண்டு. நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கும் பெல்ஜியத்தின் 22 நிலத்துண்டுகளைக் கொண்ட பார்லே ஊர் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெல்ஜியப் பகுதி பார்லே ஹெர்டொக் என்றும் டச்சுப் பகுதி பார்லே நாசாவ் என்றும் அழைக்கப்படுகிறது. எல்லை அங்கே தெருக்களை மட்டுமன்றிக் கடைகளையும் சமையலறைகளையும் வெட்டிச் செல்கிறது. நடைபாதைக் கற்களில் வெள்ளைச் சிலுவைக் குறிகளின் வரிசை அதைக் காட்டுகிறது. ஒரு வீடு எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த ஊர் கண்டுபிடித்த விடை, முன்வாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ அந்த நாடு என்பதாகும். வாசலிலேயே கோடு ஓடினால் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள். வாசலை நகர்த்தினால் நாடு மாறும் என்பதால், கட்டட அனுமதி எளிதாகக் கிடைக்கும் பக்கத்துக்கு வாசலை மாற்றியவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

சுங்கத்தில் அவர்களுக்கு வந்த விடுதலை வாசல் விதியால் வந்ததன்று. 1948-இல் பெனலக்ஸ் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க்) சுங்க ஒன்றியமும், 1968-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆறு நாடுகளுக்கான சுங்க ஒன்றியமும், 1993-இல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுத்த உரிமை அது. சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கும் சரக்குக்கு வாங்கிய நாட்டில் வரி கட்டியாயிற்று என்றால் எதிர்ப்பக்கம் மீண்டும் கட்டத் தேவையில்லை. சொந்தப் பயன்பாடா விற்பனையா என்று ஐயம் எழும்போது பார்க்க மட்டும் 800 சிகரெட், 10 லிட்டர் சாராய வகை, 90 லிட்டர் ஒயின், 110 லிட்டர் பீர் போன்ற வழிகாட்டு அளவுகள் இருக்கின்றன. மேலே சொன்ன 150 மில்லி லிட்டரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

அங்கேயும் கோடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெல்ஜியப் பக்கத்தில் விற்கப்படும் பட்டாசு வகைகள் சில நெதர்லாந்தில் தடைசெய்யப்பட்டவை. ஆண்டு இறுதியில் டச்சுக் காவலர்கள் வாகனங்களைச் சோதிப்பது வழக்கம். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் இரு நாடுகளின் ஊரடங்கு விதிகள் வேறுபட்டதால், கோட்டின் மீது அமைந்த ஒரு துணிக்கடையின் பெல்ஜியப் பாதியை நாடா கட்டி மூடிவிட்டு, டச்சுப் பாதியில் மட்டும் வியாபாரம் செய்தார்கள்.

நெதர்லாந்தின் கெர்க்ராடேவுக்கும் ஜெர்மனியின் ஹெர்ட்சோகன்ராத்துக்கும் பொதுவான புதுத் தெருவையும் குறிப்பிட வேண்டும். நடுவே ஒரு தாழ்வான சுவர் 1990-களின் முற்பகுதி வரை இருந்தது. குழந்தைகூடத் தாண்டிவிடும் உயரம்தான். ஆனாலும் சாவடியைத் தவிர்த்துத் தாண்டுவது குற்றமாகவே கருதப்பட்டது. இன்று அந்தச் சுவர் இல்லை.

கேள்வி: ஹாங்காங் எல்லையிலும் இப்படி ஒரு தெரு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சுற்றுலாப் பயணியாகப் போக முடியுமா?

பதில்: நீங்கள் சொல்வது ஷா டாவ் கோக் பகுதியிலுள்ள சுங் யிங் தெரு. சுமார் 250 மீட்டர் நீளம். சீனாவிடமிருந்து பிரிட்டன் நிலம் பெற்ற 1898-ஆம் ஆண்டுக் குத்தகை உடன்படிக்கையைத் தொடர்ந்து குறிக்கப்பட்ட எல்லையின் கற்கள் இன்னும் தெருவில் நிற்கின்றன. கானுசாவில் நுழைவது எளிது, எதிர்ப்பக்கம் போவதுதான் கடினம். இங்கே அது தலைகீழ்: தெருவுக்குள் வந்துவிட்டவர் இரு பக்கக் கடைகளுக்கும் தடையின்றிப் போகலாம், ஆனால் தெருவுக்குள் வருவதுதான் பெரும்பாடு.

ஹாங்காங் பக்கம் 1951 முதல் எல்லையோரத் தடைப்பகுதி. அனுமதிச் சீட்டின்றி அதில் இருப்பவருக்கு 5,000 ஹாங்காங் டாலர் அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். 2024 ஜனவரி முதல் ஷா டாவ் கோக் ஊரைச் சுற்றுலாவுக்குப் பெரிதும் திறந்துவிட்டார்கள். அப்போதும் சுங் யிங் தெருவை மட்டும் விலக்கியே வைத்தார்கள். எதிர்ப்பக்கத்துச் சீன நகரான ஷென்செனிலிருந்து சீனக் குடிமக்கள் தனி அனுமதி பெற்று வரலாம். திரும்பும் வாயிலில் சீனச் சுங்கத்தார் பைகளைப் பார்ப்பார்கள். ஹாங்காங்கில் மது, புகையிலை, எரிபொருள் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதற்கும் இறக்குமதித் தீர்வை இல்லை என்பதால் விலை வித்தியாசம் பெரிது. 1980-களில் நகைக்கும் அன்றாடப் பொருள்களுக்கும் இங்கே கூட்டம் அலைமோதியதற்குக் காரணம் அதுதான். கட்டுப்பாடு ஒரு பக்கத்தினது மட்டுமன்று. 2013 மார்ச்சில், குழந்தைப் பால்மாவை ஒருவர் 1.8 கிலோவுக்கு மேல் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று ஹாங்காங்கே விதி கொண்டுவந்தது. கிட்டத்தட்ட இரண்டு டின்.

வெளிநாட்டுப் பயணியாக இந்தத் தெருவைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எல்லைமேல் வீடு வைத்திருப்பவர் அதை விரிவாக்கிக் கட்டலாமா?

பதில்: கனடா அமெரிக்க எல்லையில் அது எளிதல்ல. இரு நாட்டு எல்லை ஆணையம் கோட்டின் இருபுறமும் மும்மூன்று மீட்டர் இடத்தை வெட்டவெளியாகப் பராமரிக்கிறது. கனடாவின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லையிலிருந்து 10 அடிக்குள் ஆணையத்தின் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டுவதையும் இருக்கும் கட்டடத்தை நீட்டுவதையும் தடுக்கிறது. இந்தச் சட்டத்துக்கு முன்பே எழுந்த பழைய வீடுகள் நிற்கலாம். இவ்வளவு துல்லியம் பேசும் கோடு, 1770-களில் 45-ஆம் அட்சரேகையை அளக்கப் போனவர்கள் பல இடங்களில் விலகிப் போட்ட கோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழை தெரிந்த பிறகும் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட 1842 உடன்படிக்கை அதையே எல்லையாக உறுதிசெய்துவிட்டது.

கேள்வி: கனடாவில் வசிக்கிறேன். அமெரிக்க எல்லையூர்க் கடை ஒன்றின் முகவரிக்குப் பொதியை வரவழைத்து, நானே போய் எடுத்து வந்தால் வரி மிச்சமாகுமா?

பதில்: அனுப்பும் கூலி மிச்சமாகலாம், வரி மிச்சமாகாது. அமெரிக்காவிலிருந்து தனியார் தூதஞ்சல் மூலம் உங்கள் வீட்டுக்கே வரும் பொதிக்கு 40 கனடா டாலர் வரை விற்பனை வரியும் 150 கனடா டாலர் வரை சுங்கத் தீர்வையும் விலக்கப்படுகின்றன. அதே பொதியை நீங்கள் கையில் எடுத்து வந்தால், 24 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணி என்ற கணக்கில் முதல் டாலரிலிருந்தே வரி தொடங்கும். 35 டாலர் பொருளுக்காக எல்லை தாண்டி வரிசையில் நிற்பவர், வீட்டில் உட்கார்ந்திருந்தால் கட்டத் தேவையில்லாத வரியைத் தேடிப் போய்க் கட்டுகிறார். பெரிய, கனமான பொருள்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும். அப்போதும் விலைப்பட்டியலின் நகலை எடுத்துச் செல்லுங்கள், பொதியைப் பிரிக்காமல் வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது எனச் சொல்வதைச் சாவடியில் ஏற்கமாட்டார்கள்.